பைசன் வேட்டை: வண்டி எதுவரை போகலாம்?

அமெரிக்காவில் பைசன் வேட்டை என்றால் செய்திகளில் அடிபடுவது இரண்டு எண்கள்தான்: எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை பைசன் விழுந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. வண்டியை எதுவரை ஓட்டிப் போகலாம், எங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்ற விதி. யாரால் இந்த வேட்டைக்குப் போக முடியும், எந்த மூலையில் கூட்டம் குவியும், மந்தை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. மூன்று இடங்களை வைத்து இதைப் பார்க்கலாம்: அரிசோனாவின் கைபாப் பீடபூமி, மொன்டானாவில் யெல்லோஸ்டோன் பூங்காவின் வடக்கு எல்லை, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுமாடு வேறு இனம். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இந்தக் கட்டுரை வட அமெரிக்கப் பைசனைப் பற்றியது.

வளர்ந்த ஆண் பைசன் 900 கிலோ வரை இருக்கும். பெண் ஏறக்குறைய அதில் பாதி. சுடுவது ஒரு நொடி. அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது. பைசன் புழுதியில் புரளும் பிராணி என்பதால் அதன் மயிருக்குள் மண்ணும் மணலும் அப்பிக் கிடக்கும். தோலைக் கீற ஆரம்பித்தால் நல்ல கத்திகூடச் சீக்கிரம் மழுங்கிவிடும். தீட்டுக்கல் கொண்டுவராதவர் பாதியிலேயே கை ஓய்ந்து உட்கார வேண்டியதுதான். தோல் தடிமன் அதிகம், அதனால் உடல் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கும். சீக்கிரம் உரித்து, பின்தொடையின் மூட்டுப் பக்கம் காற்றுப்படத் திறந்துவிடாவிட்டால், எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். சுற்றிலும் பனி கிடந்தாலும் இது நடக்கும். பிறகு முன்சப்பை இரண்டு, பின்தொடை இரண்டு, முதுகுக்கறி, விலா, கழுத்து என்று பிரித்து ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டும். ஆண் பைசனின் ஒரு பின்தொடையைத் தனியாள் தோளில் ஏற்றுவதே பெரும்பாடு. அலாஸ்காவில் உண்ணத்தக்க கறி முழுவதையும் வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும்; காட்டில் வீணாக விட்டுவிட்டு வந்தால் அது குற்றம்.

அதனால் வண்டி பக்கத்தில் நின்றால் இரண்டு பேர் அரை நாளில் முடிக்கிற வேலை, மூன்று நான்கு மைல் தள்ளி நின்றால் ஐந்தாறு பேருக்கு இரண்டு நாள் வேலையாகிவிடும். முதுகு வலுவில்லாதவர், துணைக்கு ஆள் இல்லாதவர், விடுப்பு கிடைக்காதவர் எல்லாம் தானாகவே கழிந்துவிடுவார்கள்.

சரி, அப்படியானால் வண்டியை உள்ளே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விடாததற்குப் பழைய, கசப்பான காரணம் ஒன்று உண்டு. பைசன் கிட்டத்தட்ட அழிந்துபோனதே சக்கரம் உள்ளே வந்ததால்தான். 1860களில் சமவெளியின் குறுக்கே ரயில் பாதை போட்டார்கள். அது மந்தையை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியாகப் பயணிகள் பொழுதுபோக்குக்குச் சுட்டார்கள். விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடந்து அழுகியது. அதைவிடப் பெரிய கேடு, தோலை ஏற்றிப் போக ரயில் கிடைத்தது. அதற்கு முன் சமவெளியின் நடுவில் ஆயிரம் தோல் உரித்தாலும் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. பாதை வந்த பிறகு தோல் வேட்டை ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கோடிக்கணக்கில் இருந்த இனத்தை 1889இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது, கண்டம் முழுவதும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. பைசனையே நம்பி வாழ்ந்த பழங்குடிகளின் பசியும் இடப்பெயர்வும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன. இன்று எந்த மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தைப் பிரித்தாலும் வண்டியிலிருந்து சுடாதே, வண்டியால் துரத்தாதே, சாலைக்குக் குறுக்கே சுடாதே என்றெல்லாம் இருப்பதன் பின்னணியில் அந்தக் காலத்துப் படிப்பினையும் உண்டு.

இதில் இன்னொரு சிக்கல் நிலத்தின் உரிமை. ஒரே மலைச்சரிவில் தேசியப் பூங்கா, தேசிய வனம், கன்னிவனம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதி, ராணுவ நிலம், தனியார் பண்ணை, பழங்குடி நிலம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். பூங்காவில் பொதுவாக வேட்டையே கிடையாது. தேசிய வனத்தில் வேட்டை உண்டு, ஆனால் 2005ஆம் ஆண்டு வந்த விதிப்படி, வரைபடத்தில் குறித்த பாதைகளில் மட்டும்தான் மோட்டார் வண்டி ஓடலாம். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கன்னிவனத்தில் மோட்டார் மட்டுமில்லை, கறியை வைத்துத் தள்ளும் இரண்டு சக்கரக் கைவண்டிக்குக்கூட அனுமதி இல்லை. குதிரையில் ஏற்றலாம், முதுகில் சுமக்கலாம், அவ்வளவுதான். பைசனுக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அது சீக்கிரமே தெரிந்துகொள்கிறது. கைபாப் கதையே அதுதான்.

கைபாப் பீடபூமி கிராண்ட் கேன்யனின் வடகரையில் இருக்கிறது. 1906இல் சார்லஸ் ஜோன்ஸ் என்பவர், ‘பஃபலோ ஜோன்ஸ்’ என்று பெயர் பெற்றவர், பைசனையும் மாட்டையும் கலந்து புதுக் கலப்பினம் உண்டாக்கலாம் என்று அங்கே ஒரு மந்தையைக் கொண்டுவந்தார். திட்டம் தோற்றது. மந்தை தங்கிவிட்டது. 1920களில் அரிசோனா மாநிலம் அதை விலைக்கு வாங்கி, பீடபூமிக்குக் கிழக்கே ஹவுஸ் ராக் பள்ளத்தாக்கின் புல்வெளியில் வைத்துப் பராமரித்தது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டைக்கு அனுமதியும் கொடுத்துவந்தது.

1990களின் கடைசியில் மந்தை மேலே ஏற ஆரம்பித்தது. கீழே வறட்சி, மேலே காட்டுத்தீக்குப் பிறகு முளைத்த புல். கீழே துப்பாக்கிச் சத்தம். மேலே பூங்கா எல்லைக்குள் அமைதி. கொஞ்ச காலத்தில் பெரும்பாலான பைசன்கள் பூங்காவுக்குள்ளேயே நிலைத்துவிட்டன. வெளியே தேசிய வனத்தில் மாநில அனுமதியோடு வேட்டைக்காரர்கள் நீர்நிலைகளின் பக்கம் காத்திருப்பார்கள். உள்ளே மந்தை மேய்ந்துகொண்டிருக்கும். வெளியே எத்தனை அனுமதி கொடுத்தாலும் எல்லைக்கு உள்ளே நிற்கிற பைசனை எதுவும் செய்ய முடியாது. எண்ணிக்கை சில நூறாகப் பெருகியது. மழை குறைவான அந்த வடகரையில் ஊற்றுகள் கலங்கின, மண் அரித்தது, பழங்குடிகளின் பழைய வாழிடத் தடயங்கள் மிதிபட்டன. மந்தையை 200க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது.

2021இல் ஒரு சோதனை முயற்சி நடந்தது. பூங்காவுக்குள் பைசனைச் சுட 12 தன்னார்வலர்கள் தேவை என்று அறிவித்து, விண்ணப்பிக்க இரண்டே நாள் கொடுத்தார்கள். 45,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்குச் சுடும் தேர்வு வைத்தார்கள்: 100 கஜ தூரத்தில் நாலங்குல வட்டத்துக்குள் ஐந்து தோட்டாவில் குறைந்தது மூன்று விழ வேண்டும். இதெல்லாம் சரி. கடினமான நிபந்தனை வேறு. மோட்டார் வண்டி கூடாது, குதிரையோ கோவேறு கழுதையோ கூடாது. சுமார் 8,000 அடி உயரத்தில், மெல்லிய காற்றில், சுட்ட பைசனை வெட்டிப் பிரித்து மனித முதுகிலேயே வெளியே சுமந்துவர வேண்டும். பூங்காவின் பெரும்பகுதியைக் கன்னிவனமாகவே நிர்வகிக்கிறார்கள் என்பது மோட்டார் தடைக்குப் பின்னணி.

முடிவில் விழுந்தவை 4. நாற்பத்தையாயிரம் விண்ணப்பத்துக்கு நான்கு பைசன்.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். என் பார்வை வேறு. சுமக்க வேண்டிய தூரத்தை மனதில் வைத்து எந்த மிருகத்தைச் சுடலாம், எதை விட்டுவிடலாம் என்று தேர்ந்தெடுக்க வைத்தது அந்த விதி. அந்த அளவில் அது நேர்மையான விதி. ஆனால் மந்தையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அது அதற்கான கருவி இல்லை. அதே பூங்காவில் 2019 முதல் பைசன்களைக் கொட்டிலுக்குள் வரவைத்து, உயிரோடு பிடித்து, பழங்குடி எருமைக் கூட்டமைப்பின் மூலம் பழங்குடி நிலங்களுக்கு அனுப்பிவந்தார்கள். அப்படிப் போனவை நூற்றுக்கணக்கில். பழங்குடிகளிடமிருந்து பறித்த மிருகத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்ற வகையிலும் அதுதான் மேல்.

பூங்காவுக்கு வெளியே, கைபாப் தேசிய வனத்தில், விதி சற்று இளகுகிறது. அங்கே பாதையை விட்டு விலகி வண்டி ஓட்டத் தடை. ஆனால் சட்டப்படி சுட்ட எல்க் மானையோ பைசனையோ எடுத்துவர மட்டும், பாதையிலிருந்து ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் வரை, வண்டியை உள்ளே கொண்டுபோக விட்டார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. டயர் தடம் ஒன்று விழுந்தால் அடுத்தவர் அதையே பாதை என்று நினைத்து ஓட்டுவார், வறண்ட மண்ணில் அந்தத் தடம் பல வருடம் அழியாது என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். 2019இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வனத்துறையின் முடிவு செல்லும் என்றது. சிறிய மான் ஒன்றை இரண்டு பேர் சுமந்துவிடலாம், எல்க்கையும் பைசனையும் அப்படி முடியாது என்ற வேறுபாட்டை விதியிலேயே எழுதிவைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லா மிருகத்துக்கும் ஒரே அளவு வைத்திருந்தால் ஒன்று காடு கெட்டிருக்கும், இல்லாவிட்டால் கறி கெட்டிருக்கும்.

யெல்லோஸ்டோன் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் கனமானது. 1900களின் தொடக்கத்தில் அந்தப் பூங்காவுக்குள் காட்டிலேயே வாழ்ந்த பைசன்கள் சுமார் இரண்டு டஜன்தான். அவற்றோடு தனியார் மந்தைகளிலிருந்து வாங்கிய சிலவற்றையும் சேர்த்து வளர்த்ததில், 2022 கோடையில் ஏறக்குறைய 6,000 ஆகியிருந்தன. குளிர்காலத்தில் மேலே பனி ஆழமாகிவிட்டால் மந்தை தாழ்ந்த இடத்தைத் தேடி வடக்கே, கார்டினர் ஊர்ப் பக்கம் இறங்கும். அங்கேதான் மாட்டுப் பண்ணைக்காரர்களின் பயம் ஆரம்பிக்கிறது. பைசன்களில் கன்றுவீச்சு நோயான புருசெல்லோசிஸ் இருப்பது 1917லேயே தெரிந்தது. அது மாடுகளுக்குத் தொற்றிவிட்டால் மாநிலத்தின் மாட்டு வணிகமே அடிபடும் என்று மொன்டானா வாதிட்டது. 2000ஆம் ஆண்டில் கூட்டு நிர்வாகத் திட்டம் ஒன்று வந்து, பூங்காவை ஒட்டிய நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது: ஒரு மண்டலம் வரை பைசனைப் பொறுத்துக்கொள்வார்கள், அதைத் தாண்டினால் விடமாட்டார்கள். கார்டினர் பள்ளத்தாக்கில் இன்றைய எல்லை யாங்கி ஜிம் கேன்யனின் வாய். அதற்கு மேல் பைசன் போகக் கூடாது.

மொன்டானா 1980களிலும் ஒரு வேட்டை நடத்தியது. வனக் காவலர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட, வேட்டைக்காரர் நின்றபடி சுடுவார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளைப் பார்த்து நாடே கொதித்தது. 1991இல் அது நின்றது. 2005 நவம்பரில் மீண்டும் திறந்தபோது, காவலர் வழிகாட்டக் கூடாது, வேட்டைக்காரர் தானே தேடிப் போக வேண்டும் என்று வைத்தார்கள். மாநிலம் இரண்டு வேட்டை வட்டங்களை ஒதுக்கியது: கார்டினர் பக்கம் 385ஆம் எண் வட்டம், வெஸ்ட் யெல்லோஸ்டோன் பக்கம் 395ஆம் எண் வட்டம்.

அதே குளிர்காலத்தில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினரும் வந்தார்கள். அவர்கள் மாநிலத்தின் அனுமதிச் சீட்டைக் கேட்டு வரவில்லை. 1855இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தில், யாரும் உரிமை கொண்டாடாத திறந்த நிலத்தில் வேட்டையாடும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அடுத்தடுத்து சாலிஷ்-கூட்டனை, யமடில்லா, ஷோஷோன்-பானக், யகாமா என்று பல இனங்கள் தங்கள் தங்கள் ஒப்பந்தத்தின் பேரில் வந்தன. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிவந்து பைசனை எப்படி உரிப்பது, எந்தப் பாகத்தை யாருக்குக் கொடுப்பது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வோர் இனமும் தன் சட்டப்படி தன் ஆட்களுக்கு விதி வைத்து, தன் காவலர்களையும் அனுப்புகிறது.

ஆனால் அந்த உரிமை செல்லுகிற நிலம் எவ்வளவு? இங்கேதான் வரைபடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். தெற்கே பூங்கா, வேட்டை இல்லை. பள்ளத்தாக்கில் தனியார் பண்ணைகளும் வீடுகளும், அங்கேயும் ஒப்பந்த உரிமை செல்லாது. மிஞ்சுவது தேசிய வனத்தின் துண்டுகள். அதில் பைசன் இயல்பாக இறங்கி வரும் வழியில், பூங்கா எல்லையை ஒட்டி, ஒரு சரளைச் சாலையின் ஓரமாக இருக்கிறது பீட்டி கல்ச். ஒரு சதுர மைல்கூடத் தேறாத இடம். எதிர்ப்பக்கம் வீடுகள்.

அந்தச் சாலையில் பிக்கப் டிரக்குகள் வரிசையாக நிற்கும். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மந்தை, இந்தப் பக்கம் துப்பாக்கிகள். பைசன் கோட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சுடப்படும். சாலையிலிருந்து சில நூறு கஜத்துக்குள் உரித்து, பனிச்சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து, டிரக்கில் ஏற்றிவிடலாம். குடல், ஈரல், எலும்பு எல்லாம் குவியல் குவியலாக அங்கேயே கிடக்கும். காக்கையும் கழுகும் கரடியும் வரும். வீட்டுக்காரர்கள் தோட்டா பாயுமோ என்று பயந்து 2019இல் வழக்குப் போட்டார்கள். 2022-23 குளிர்காலத்தில் பனி கடுமையாக இருந்தது. அந்த ஒரே பருவத்தில் வேட்டைக்காரர்கள் சுட்டது ஆயிரத்துக்கும் மேல். அதில் மிகப் பெரும்பங்கு ஒப்பந்த உரிமையோடு வந்த பழங்குடிகளுடையது. மாநில அனுமதி பெற்றவர்களின் பங்கு சிறியது.

இதைப் பார்த்துவிட்டுப் பழங்குடிகள் மேல் பழி போடுவது சுலபம். ரொம்பப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிகிறது. நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருகிறவர், ஒரு வார இறுதியில் குடும்பத்துக்குக் கறி கொண்டுபோக வேண்டியவர், சாலைக்குப் பக்கத்தில் பைசன் வரும் ஒரே சட்டபூர்வமான துண்டு நிலத்தில் நிற்காமல் வேறு எங்கே நிற்பார்? கிழக்கே ஈகிள் கிரீக், பேர் கிரீக் பக்கம் வன நிலம் நிறைய இருக்கிறது. ஆனால் மேலே போகப் போக அது அப்சரோக்கா-பேர்டூத் கன்னிவனத்தில் போய்ச் சேரும், வண்டி கிடையாது. பீட்டி கல்ச்சில் கூட்டம் சேருவதற்குக் காரணம் நிலத்தின் கோடும் சாலையின் இடமும். மந்தை அந்த வாசலைத் தாண்டி யாங்கி ஜிம் கேன்யன் வரை பரவினால் வேட்டையும் பரவும், வீடுகளுக்குப் பக்கத்திலிருந்து விலகும். ஆனால் வாசலிலேயே சுட்டுவிடுவதால் பைசன் உள்ளே பரவுவதற்கே வழியில்லை. பொறுத்துக்கொள்வோம் என்று மாநிலம் வரைந்து வைத்த மண்டலத்தின் பெரும்பகுதி பைசன் இல்லாமலே கிடக்கிறது.

மேற்கே வெஸ்ட் யெல்லோஸ்டோன் பக்கம் நிலைமை வேறு. ஹெப்கன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹார்ஸ் பியூட் பகுதியில் மாடுகள் இல்லை என்பதால், 2015 டிசம்பரில் ஆளுநர் ஸ்டீவ் புல்லக் அங்கே வருடம் முழுவதும் பைசன் இருக்கலாம் என்று அனுமதித்தார். குளிர்காலத்தில் பல வனப்பாதைகள் பனியில் மூடிவிடும். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியோ சறுக்குக்கட்டையோ இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆட்கள் தானாகவே சிதறிவிடுகிறார்கள். நெடுஞ்சாலைதான் அங்கே ஆபத்து. பனி வாரிய தார்ச்சாலை பைசனுக்கும் நடக்க வசதி. 2022 டிசம்பர் கடைசியில் ஓர் இரவு அந்த ஊருக்கு வடக்கே லாரியும் கார்களும் மோதி 13 பைசன்கள் செத்தன. வேட்டை அனுமதியைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் இரவு வேக வரம்பைப் பற்றி அதில் கால்வாசியாவது பேசியிருக்கலாம்.

அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் விதிகள் வேறு மாதிரி உருவாயின. 1928இல் மொன்டானாவிலிருந்து 23 பைசன்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 1950இல் வேட்டை தொடங்கியது. 1978இல் மாநில அரசு அதே சமவெளியில் காட்டை வெட்டி பார்லி விவசாயத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பைசன் கோடையில் டெல்டா ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, கோடை முடியும்போது கிழக்கே நகரும். சரியாகக் கதிர் முற்றும் நேரம். விளைந்த வயலில் ஒரு மந்தை இறங்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1979இல் அலாஸ்கா நெடுஞ்சாலைக்குத் தெற்கே 90,000 ஏக்கரைப் பைசனுக்கென்று ஒதுக்கினார்கள். அதில் பனோரமிக், கெர்ஸ்டல் என்ற இரண்டு இடங்களில் ஓட்ஸும் புல்லும் விதைத்தார்கள். வடக்கே பண்ணைகளில் அறுவடை முடிகிற வரை மந்தையைத் தெற்கிலேயே பிடித்துவைப்பது நோக்கம். அதற்கேற்ப வேட்டை அக்டோபர் 1இல்தான் தொடங்குகிறது, மார்ச் 31 வரை நீள்கிறது. அறுவடைக்கு முன்னாலேயே சுட ஆரம்பித்தால் பைசன் சிதறி நேராக வயலுக்குள் ஓடும். இங்கே எல்லையை மட்டும் கோடாகப் போடாமல், மாதத்தையும் ஒரு கோடாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூன்று இடங்களில் மிருகத்தின் நடமாட்டத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விதி எழுதியது இது ஒன்றுதான்.

அக்டோபருக்குப் பிறகு மந்தை பண்ணைகளுக்குப் போய்விடும். அதனால் பெரும்பாலான பைசன்கள் விழுவது தனியார் வயல்களில். வண்டிக்கு அங்கே சிரமமே இல்லை. வயல் ஓரத்துச் சாலை, தட்டையான உறைந்த நிலம். ஆனால் நிலக்காரரின் சம்மதம் வேண்டும், சிலர் அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். பயிர் தின்ற பைசனால் பட்ட நஷ்டத்தில் கொஞ்சமாவது திரும்பட்டுமே என்பது அவர்கள் கணக்கு. பணம் கொடுக்க மனமில்லாதவர் பைசன் நிலத்துக்கோ மேற்கே உள்ள ராணுவப் பயிற்சி நிலத்துக்கோ போகலாம். டான்லி பயிற்சிப் பகுதிக்குள் நுழைய ராணுவத்தின் தனி அனுமதி வேண்டும். எந்தப் பகுதி எப்போது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். வெடிக்காத குண்டுகள் புதைந்திருக்கும் பகுதிகள் எல்லாருக்கும் மூடியவை. மந்தை அங்கே கண்ணெதிரில் மேய்ந்தாலும் கால் வைக்கக் கூடாது.

சாலைக்கும் விதி உண்டு. அலாஸ்காவில் வண்டி ஓடும் சாலையின் மேல் நின்றோ சாலைக்குக் குறுக்கேயோ சுடக் கூடாது. வண்டியால் மிருகத்தைத் துரத்தவோ ஒரு பக்கம் ஒதுக்கவோ கூடாது. சிறு விமானத்தில் போய் மேலிருந்து மந்தையைப் பார்த்துவிட்டு இறங்கிச் சுடுவதைத் தடுக்க, பறந்த நாளுக்கு மறுநாள் காலை 3 மணி வரை வேட்டை கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. டெல்டாவில் இது அவ்வளவாக உறைக்காது. ஆனால் அதே டெல்டா மந்தையிலிருந்து 1960களில் பிரித்துக் கொண்டுபோய் விட்ட ஃபேர்வெல் மந்தைக்குச் சாலையே கிடையாது. பெரும்பாலும் விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே இந்த விதி ஒரு முழு இரவைக் கட்டாயமாக்குகிறது. விமானத்திலிருந்து பார்த்த மந்தை விடியும்போது எங்கே இருக்குமோ தெரியாது. வேட்டைக்காரர் கூடாரத்தில் தூங்கி எழுந்து நடந்துதான் தேட வேண்டும். காப்பர் ஆற்றங்கரையில் உள்ள மந்தையைத் தேடுபவர்களுக்கு ஆறுதான் சாலை. கரையில் பெரும்பகுதி அட்னா பழங்குடிகளின் நிலம் என்பதால் படகை எங்கே ஒதுக்கலாம் என்பதை முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியும் ஒரு வகையில் இந்தத் தூரக் கணக்கோடு சேர்ந்ததுதான். அலாஸ்காவில் பைசனுக்குப் பயன்படுத்தும் ரைஃபிள் 200 கிரெயின் எடையுள்ள தோட்டாவைச் செலுத்தி, 100 கஜத்தில் 2,000 அடி-பவுண்டு மோதும் ஆற்றல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். சிறிய தோட்டா பட்டால் பைசன் உடனே விழாது. அடிபட்டபடி மந்தையோடு ஓடும். ஓடிப்போய் அடுத்தவர் வயலிலோ, ராணுவத் தடைப் பகுதியிலோ, பூங்கா எல்லைக்குள்ளோ விழுந்தால் வேட்டைக்காரர் கோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், உரியவரின் அனுமதி கிடைக்கிற வரை.

விதி எழுதுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் கோரிக்கை சின்னது. அனுமதிச் சீட்டின் எண்ணிக்கையை ஒவ்வொரு வருடமும் கூட்டிக் குறைக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தையும் அதே கவனத்தோடு வருடாவருடம் பார்க்கலாம். கார்டினரில் மந்தை கோட்டைத் தாண்டியதும் சில நாள் துப்பாக்கி இறக்கி வைத்து, அது பள்ளத்தாக்கில் பரவ விடலாம். பனி காலத்திலும் வண்டி எட்டும்படி, யாங்கி ஜிம் கேன்யன் வரை வன நிலத் துண்டுகளுக்கு அருகே நாலைந்து இடங்களில் நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து நடக்கச் சொல்லலாம். பீட்டி கல்ச்சின் எதிர் வீடுகளில் இருப்பவர்களும், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் காத்திருப்பவர்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்க வேண்டிய நிலைமை அதனால் பாதியாவது குறையும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாநிலமும் வனத்துறையும் பழங்குடி அரசுகளும் கூடிப் பேசி, பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு வரைபடத்தில் கையெழுத்திட்டால் போதும்.